கணினியும் வானொலிப் பெட்டியும்



பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியிற் பேச வந்தால் மாணாக்கரின் குறைகளை எடுத்துரைப்பார் என்றே பலரும் எதிர்பார்ப்பர். இன்று நான் என்னுடைய குறையொன்றை முதலிற் சொல்ல வேண்டியவனாயிருக்கிறேன்.

சென்ற ஆண்டின் இறுதித் தவணையில் எங்கள் பாடசாலையின் கணினி அறைக்குள் ஒரு மாணவன் பழைய றேடியோப் பெட்டியொன்றைக் கொண்டு சென்றான். கணினிக்குப் பக்கத்தில் அதனை வைத்து, முள்ளை இங்குமங்கும் திருப்பிக்கொண்டிருந்தான். பெட்டியிலிருந்து வந்தது பாட்டுமன்று, பேச்சுமன்று, வெறும் இரைச்சல். "என்ன செய்கிறாய்?" என்று கேட்டேன். "கணினி பாடுகிறதா என்று பார்க்கிறேன், சேர்" என்றான். சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்ய வேண்டிய பிள்ளை பாட நேரத்தில் இவ்வாறு விடை சொன்னால் அதிபர் என்ன செய்வார்? கடிந்துகொண்டேன். பெட்டியைப் பறித்து என் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். கணினி அறையின் திறப்பையும் அன்றுமுதல் என் மேசை லாச்சியிலேயே வைத்துக்கொண்டேன்.

மூன்று கிழமை சென்றபின் அம்மாணவனின் பாட்டனார் என்னைக் காண வந்தார். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர். முறைப்பாடு சொல்ல வந்தாரென்று நினைத்தேன். அவரோ, "பொடியன் செய்தது பிழைதான், ஐயா. ஆனால் அது என்னுடைய றேடியோ. காலைச் செய்தி கேளாமல் மூன்று கிழமையாகிறது" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. உடனே எடுத்துக் கொடுத்தேன். பெட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டே அவர் பழைய கதையொன்றைச் சொன்னார். 1990 ஆம் ஆண்டுக்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமின்றி, பற்றரியும் கிடைத்தற்கரியதாயிருந்த காலத்தில், துவிச்சக்கர வண்டியை நிறுத்தி, பின்சில்லைச் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்திலேயே இப்பெட்டியில் அவர் செய்தி கேட்டாராம். அக்காலத்தில் அங்கு வாழ்ந்த பலருக்கும் இது புதிய செய்தியன்று, நானும் மிதித்தவன்தான். மிதிப்பவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும். கசெற்றாயின் பாடகரின் சுருதியே இறங்கிவிடும்.

போகும்போது பெரியவர் திரும்பி நின்று கேட்டார்: "கணினி றேடியோவிலே பாடும் என்று பொடியன் சொல்லுகிறான். மெய்தானா, ஐயா?"

எனக்கு விடை தெரியவில்லை. நான் கலைப்பட்டதாரி, கணினி என்பது கடிதம் அச்சடிப்பதற்கும் புள்ளிப் பட்டியல் தயாரிப்பதற்கும் உரிய கருவியென்ற அளவிலேயே அதனுடன் பழகியவன். எங்கள் தகவல் தொழினுட்ப ஆசிரியரிடம் கேட்டேன், நூல்களையும் புரட்டினேன். அவ்வாறு நான் கற்றுக்கொண்டவற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

கணினியின் உள்ளே மின்னோட்டம் ஒவ்வொரு விநாடியும் கோடிக்கணக்கான முறை மாறிமாறிச் செல்கின்றது. அவ்வாறு விரைந்து மாறும் மின்னோட்டத்தைத் தாங்கிய கம்பி எதுவாயினும், அது மிகச் சிறியதோர் ஒலிபரப்பு நிலையம் போலாகி, வானொலி அலைகளை வெளியே விடும். அருகில் றேடியோ இருந்தால் அது இரைச்சலாகக் கேட்கும். இனி, ஒரே வேலையைக் குறித்த இடைவெளியில் மீண்டும் மீண்டும் செய்யுமாறு கணினிக்குக் கட்டளையிட்டால், இரைச்சலுக்குள் ஒரு சுருதி பிறக்கும். இடைவெளியைக் குறைத்தால் சுருதி உயரும், கூட்டினால் தாழும். கட்டளைகளை ஒழுங்காக அடுக்கினால் பாட்டாகிவிடும். ஆகவே அம்மாணவன் சொன்னது குறும்பன்று.

கணினிக்கும் இசைக்குமுள்ள உறவு கணினியின் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிட்டது. 1951 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் ஓர் அறையையே நிரப்பும் கணினி ஒன்று இருந்தது. வேலை செய்பவர்களின் கவனத்தைத் திருப்புவதற்காக அதில் ஊதுகுழல் போன்ற ஒலிப்பானொன்று வைத்திருந்தனர். அதிலிருந்து சுருதிகளைப் பெறும் முறையை, அங்கு பணியாற்றிய பேரறிஞர் அலன் ரியூரிங் தம் கைந்நூலில் விளக்கியிருந்தார். அக்கைந்நூலைப் படித்த ஒருவர் ஓரிரவு முழுவதும் அந்த இயந்திரத்தோடு விழித்திருந்து, விடியும்போது பிரித்தானிய நாட்டுக் கீதத்தை அதனைக்கொண்டு இசைக்கச் செய்துவிட்டார். அவர் கிறிஸ்தோபர் ஸ்ட்ரேச்சி. அப்பொழுது அவர் ஹரோ பாடசாலையில் ஓர் ஆசிரியர்! இதை வாசித்தபோது நாற்காலியில் நான் சற்று நெளிந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த ஆசிரியரை இயந்திரத்தோடு தனியே விட்டுவிட்டு ரியூரிங் போனார். நானோ திறப்பை லாச்சியில் வைத்திருந்தேன்.

அவ்வாண்டிலேயே பி.பி.சி. ஒலிபரப்பாளர்கள் அங்கு சென்று அக்கணினியின் இசையைத் தட்டில் பதிவு செய்தனர். கணினி இசையின் பதிவுகளுள் இன்று கிடைப்பவற்றில் மிகப் பழையது அதுவே. அவுஸ்திரேலியாவிலும் ஏறத்தாழ அதே காலத்தில் ஒரு கணினி இசைத்ததுண்டு. ஆயின் அன்று அதனைப் பதிவு செய்தாரில்லை. மன்செஸ்ரர் பதிவில் ஒரு சுவையுண்டு. நாட்டுக் கீதமும் ஒரு குழந்தைப் பாட்டும் ஒலித்தபின், அக்காலத்தில் மக்கள் விரும்பி ஆடிய நடனப் பாட்டொன்று தொடங்குகிறது. நடுவழியில் இயந்திரம் நின்றுவிடுகிறது. 'மனநிலை கூடிவந்தது' என்ற பொருள்படும் பெயரையுடையது அந்தப் பாட்டு. அங்கிருந்த அறிவிப்பாளப் பெண்மணி அப்பெயரையே பிடித்துக்கொண்டு, இயந்திரத்துக்கு இன்று மனநிலை கூடிவரவில்லை போலும் என்று நகைக்கிறார். அந்தத் தட்டின் வேகம் பிழையாயிருந்ததை நியூசிலாந்து ஆய்வாளர் இருவர் கண்டறிந்து, 2016 ஆம் ஆண்டில் இசையை அதன் மெய்யான சுருதிக்கு மீட்டனர். அந்த இயந்திரத்தால் எழுப்பக்கூடிய சுருதிகள் இன்னின்னவையே என்பது கணக்கிட்டறியத் தக்கதாயிருந்தமையாலேயே அது கைகூடிற்று.

பத்து ஆண்டுகள் கழித்து, 1961 இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஒரு கணினி வாய்விட்டே பாடிற்று. அது பாடியது 'டெய்சி பெல்' என்னும் பழைய ஆங்கிலப் பாட்டு. ஒரு காதலன் தன் காதலியை இருவர் மிதிக்கும் துவிச்சக்கர வண்டியில் ஏற அழைக்கும் பாட்டு அது. பெரியவரின் டைனமோக் கதையைக் கேட்டபின் எனக்கு இது வேடிக்கையாகவே இருந்தது. அந்த ஆய்வுகூடத்துக்குச் சென்று அப்பாட்டைக் கேட்டவர்களுள் ஒருவரை நம் நாட்டவர் நன்கறிவர். 1956 முதல் 2008 இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் அவர். 1968 இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' என்னும் திரைப்படத்தில், செயலிழந்துகொண்டு போகும் கணினியொன்று இப்பாட்டைப் பாடுவதற்குக் காரணம் அவர் கேட்ட அந்த இசைதான். இலங்கையில் தொலைக்காட்சிச் சேவை 1979 இலேயே தொடங்கிற்று. அதற்கு நான்கு ஆண்டுகளின்முன், 1975 இல், இந்திய விண்வெளிப் பொறியியலாளர் அவருடைய கொழும்பு இல்லத்தில் அலைவாங்கித் தட்டொன்றை நிறுவிக் கொடுக்க, செய்மதி வழியாக அவர் தொலைக்காட்சி பார்த்தார்.

நம் மாணவன் செய்ய முயன்றதை அப்படியே செய்தவர் ஒருவரும் அதே 1975 இல் இருந்தார். அவ்வாண்டு தை மாதம் அமெரிக்கச் சஞ்சிகையொன்றின் அட்டையில் 'அல்ரெயர் 8800' என்ற கணினியின் படம் வெளிவந்தது. பகுதி பகுதியாக வாங்கி வீட்டிலே பொருத்திக்கொள்ள வேண்டிய இயந்திரம் அது. விசைப்பலகை இல்லை, திரை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. முகப்பில் வரிசையாக ஆளிகள், அவற்றுக்கு மேலே சிறு சிவப்பு விளக்குகள், இவ்வளவே. அடிப்படைப் பெட்டியின் நினைவகம் 256 எழுத்துகளை மாத்திரமே கொள்ளும். பணங்கொடுத்து இதனை வாங்கியவர்களைப் பார்த்து மனைவிமார் என்ன கேட்டிருப்பர் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். இதைக்கொண்டு என்ன செய்யலாம் என்பது வாங்கியவர்களுக்கும் தெரியாது.

கலிபோர்ணியாவில் அத்தகைய ஆர்வலர்கள் ஒரு சங்கமாகக் கூடினர். அவர்களுள் ஸ்டீவ் டொம்பியர் என்பவர் தம் இயந்திரத்தில் ஒரு கணக்கை ஓடவிட்டு, பக்கத்திலிருந்த றேடியோவில் காலநிலை அறிவித்தலைக் கேட்டுக்கொண்டிருந்தார். றேடியோ திடீரென்று விசித்திரமாகச் சத்தமிட்டது. வேறொருவராயின் பெட்டியைத் தள்ளி வைத்திருப்பார். அவரோ கணக்கை மாற்றிப் பார்த்தார், சத்தமும் மாறிற்று. எந்தக் கணக்குக்கு எந்தச் சுருதி என்று இருந்து இருந்து குறித்துக்கொண்டார். அவ்வாண்டு சித்திரை மாதம் சங்கத்தின் கூட்டம் ஒரு பாடசாலையில் நடைபெற்றது. நேயர்களே, அதுவும் ஒரு பாடசாலைதான். அங்கு அவர் ஒரு சிறு றேடியோவைத் தம் கணினியின் மேல் வைத்து, கட்டளைகளை ஆளி ஆளியாகத் தட்டி உள்ளே செலுத்தினார். யாரோ மின்கம்பியில் கால் தடுக்கியதால் நினைவகம் வெறுமையாகி, எல்லாவற்றையும் முதலிலிருந்து மீண்டும் தட்டினாரென்றும் எழுதியிருக்கிறார்கள். ஈற்றில், ஒலியெழுப்பும் கருவி ஒன்றேனும் இல்லாத அந்த இயந்திரம் றேடியோ வழியாக பீற்றில்ஸ் குழுவினரின் பாட்டொன்றை இசைத்தது. அடுத்து அது இசைத்தது டெய்சி பெல். கூடியிருந்தோர் எழுந்து நின்று கைதட்டினர். அந்த இயந்திரத்தால் ஆகக்கூடிய வேலையொன்றை அவர்கள் அன்றுதான் கண்டார்கள்.

தொலைக்காட்சியும் கசெற்றும் இக்கதையில் வந்து சேர்ந்தன. 1981 இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த 'சின்க்ளேயர் இசெட்.எக்ஸ். 81' என்னும் சிறு கணினியின் விலை 70 பவுணுக்கும் சற்றுக் குறைவு. அவ்வளவு மலிவாகக் கொடுக்க முடிந்தமைக்குக் காரணம், திரையையும் பதிவுக் கருவியையும் அது வீட்டிலிருந்தே இரவல் வாங்கிக்கொண்டமைதான். தொலைக்காட்சிப் பெட்டியின் அன்ரனாத் துளையில் ஒரு கம்பி. பாட்டுக் கேட்கும் கசெற் இயந்திரத்தில் மற்றொரு கம்பி. வீட்டிலே பெட்டி ஒன்றுதான் என்றால், தந்தையாரின் உதைபந்தாட்டத்துக்கும் மகனின் கணினிக்கும் நாள்தோறும் வழக்குத்தான். 1982 இல் பி.பி.சி. தொலைக்காட்சி கணினியைப் பற்றிய தொடர் பாடங்களை ஒளிபரப்பத் தொடங்கி, அதற்கென்றே ஒரு கணினியையும் கேம்பிறிஜ் நிறுவனமொன்றைக்கொண்டு செய்வித்தது.

ஒல்லாந்து வானொலி செய்ததுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரு வியப்பளித்தது. கணினிக்குரிய கட்டளைகள் கசெற்றிலே இருவகைச் சுருதிகளாகப் பதிவாகின்றன என்றால், கசெற்றில் உள்ளதை வானொலியிலும் அனுப்பலாமன்றோ? அவ்வாறே அனுப்பினர். குறித்த நேரத்தில் அறிவிப்பாளர் நேயர்களை ஆயத்தப்படுத்துவார். நேயர்கள் கசெற்றைச் சுழலவிடுவர். பின் சில நிமிடங்களுக்கு வானொலியிற் கீச்சென்ற இரைச்சல். அதனைக் கணினியிற் புகுத்தினால் ஒரு கணக்கோ விளையாட்டோ திரையில் எழும். ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு மொழிவழக்கு உடையதாயிருந்தமையால், எல்லாவற்றுக்கும் பொதுவாக 'பேசிக்கோட்' என்னும் வழக்கொன்றையும் வகுத்தனர். பின்னர் பி.பி.சி. வானொலியும் இம்முறையைக் கைக்கொண்டது. ஒலிபரப்பு நிலையமொன்று வேண்டுமென்றே இரைச்சலை அனுப்பியதும், நேயர்கள் அதனை நன்றியுடன் ஏற்றுக்கொண்டதும் வானொலி வரலாற்றிலே வேறெங்கும் உண்டோ, அறியேன்.

இன்று இவையனைத்தும் உள்ளங்கையிலடங்கும் ஒரு பலகைக்குள் ஒடுங்கிவிட்டன. பாட்டும் அதிலே, தொலைக்காட்சியும் அதிலே, கணக்கும் அதிலே. வசதியைக் குறை கூறேன். நானும் அதிற்றான் செய்தி பார்க்கிறேன். ஆனால் அதனைத் திறக்க ஓர் ஆணிகூட வெளியில் தெரிவதில்லை. முன்னாளில் ஒரு சிறுவன் பாட்டுக் கேட்கும் ஆசையினாலேயே கம்பியைப் பிடித்தான். படம் பார்க்கும் ஆசையினாலேயே பெட்டியின் பின்புறத்துக்குப் போனான். இன்றைய பிள்ளைக்கு ஆசை நிறைவேறுகிறது. பின்புறம் என்று ஓரிடமே இல்லை. இதனை உணர்ந்த கேம்பிறிஜ் அறிஞர் சிலர் 2012 இல் 'ராஸ்பெரி பை' என்ற சிறு கணினியை 35 டொலருக்கு வெளியிட்டனர். மூடியில்லாத வெறும் பலகை. திரைக்கு மீண்டும் வீட்டுத் தொலைக்காட்சியே. இரண்டொன்றை எங்கள் பாடசாலைக்கும் வாங்க எண்ணியிருக்கிறேன்.

அம்மாணவனுக்கு வருவோம். அவனை அழைத்து, நான் செய்தது பிழை என்று சொன்னேன். ஆசிரியர் மாணவனிடம் அவ்வாறு சொல்வது எளிதன்று. அவனுக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அடுத்த புதன்கிழமை பாடசாலை விட்டபின் கணினி அறையைத் திறந்து வைத்தேன். பாட்டனாரும் றேடியோவும் வந்தார்கள்.

பையன் கட்டளைகளை எழுதி ஓடவிட்டான். முதலில் இரைச்சல்தான். பெட்டியைக் கணினியின் இடப்பக்கம் வைத்தான், வலப்பக்கம் வைத்தான். அப்பொழுது பெரியவர் எழுந்து, "இங்கே கொண்டா" என்று பெட்டியை வாங்கி, செங்குத்தாகத் திருப்பி, முள்ளை மயிரிழையளவு நகர்த்தினார். மெல்லியதாய், தொலைவிலிருந்து வருவதுபோல், நான்கு சுருதிகள் ஏறி நான்கும் இறங்கின. நடுவில் ஒன்று பிசகிற்று. பையன் நாக்கைக் கடித்துக்கொண்டு இலக்கமொன்றை மாற்றி, மீண்டும் முதலிலிருந்து ஓடவிட்டான். பெரியவர் காதைப் பெட்டியோடு வைத்து, எங்களைப் பேசவேண்டாமென்று கையால் அமர்த்தினார்.