பூட்டை உடைத்த ஒலிபெருக்கி

புதுச்சேரியை ஒட்டிய மீனவர் ஊர் வீராம்பட்டினம். அங்கே ஒலிபெருக்கி தினமும் பேசியது. சினிமாப் பாட்டு அல்ல. கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற தகவல்.

அது வந்த வழிதான் வேடிக்கை. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் கிடைத்த கணிப்பை வில்லியனூர் மையத்தில் எடுத்து, தமிழில் ஊருக்கு அனுப்பினார்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய கிராமத் தகவல் மையங்களின் வேலை அது. கணினியை நிறுவனம் கொடுக்கும். இடத்தை ஊர் கொடுக்க வேண்டும். சாதி, ஆண், பெண் பேதமின்றி எல்லோருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். என்ன தகவல் தேவை என்பதையும் ஊராரிடமே கேட்டார்கள். விளைபொருள் விலை, கால்நடை வைத்தியம், அரசு உதவிகள் எனப் பட்டியல் நீண்டது.

பக்கத்து நல்லவாட்டிலும் இப்படி ஒரு மையம். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்ததும் வீட்டுக்குப் போன் செய்தார்.

ஊரார் மையத்தின் பூட்டை உடைத்தார்கள். ஒலிபெருக்கி அலறியது. ஊரே ஓடியது.

வீடுகள் இடிந்தன, படகுகள் நொறுங்கின. ஆனால் நல்லவாட்டில் இருந்த சுமார் 3,600 பேரில் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை.