ஆலையில் பிறந்த போர் எதிர்ப்புப் பாடல்

(கட்சி உறுப்பினர்களுக்கான கலை இலக்கிய வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

ஹெவி மெட்டல் என்றவுடன் காதைச் செவிடாக்கும் இரைச்சல், மேலைநாட்டுச் சீரழிவு என்று ஒதுக்கிவிடும் பழக்கம் முற்போக்காளரிடையேயும் உண்டு. அந்த இசை எந்த வர்க்கத்தின் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்ட பிறகு தீர்ப்பு வழங்குவதே நியாயம்.

1970 செப்டம்பரில் வெளிவந்த 'பாரனாய்ட்' இசைத்தட்டின் முதற்பாடல் 'வார் பிக்ஸ்'. அதாவது, 'போர்ப் பன்றிகள்'. இசைத்தட்டுக்கும் அப்பெயரே முதலில் எண்ணப்பட்டது. பதிவு நிறுவனம் மாற்றிவிட்டது. வாளும் கேடயமும் ஏந்திய மனிதன் மட்டும் அட்டைப்படத்தில் எஞ்சினான்.

பாடலை அளித்த பிளாக் சாபத் குழுவினர் நால்வரும் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், ஆஸ்டன் என்னும் தொழிலாளர் பகுதியில் வளர்ந்தவர்கள். பாடகர் ஓசி ஆஸ்போர்ன் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். கிடார் கலைஞர் டோனி அயோமி உலோகத் தகட்டு ஆலைத் தொழிலாளி.

அயோமி 17 வயதில், ஆலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளில், வராத ஒருவருக்குப் பதிலாகப் பழக்கமில்லாத இயந்திரத்தில் நிறுத்தப்பட்டார். அது அவரது வலக்கையின் இரு விரல் நுனிகளைத் துண்டித்தது. இடக்கைப் பழக்கமுள்ள அவர், கிடார் தந்திகளை அழுத்துவது அவ்விரல்களால்தான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்கு உறை செய்தார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் அவற்றைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். அந்தக் கனத்த ஒலியையே பிற்காலக் குழுக்கள் பின்பற்றின. ஹெவி மெட்டலின் ஓசையில் ஒரு பணியிட விபத்தின் தழும்பு இருக்கிறது.

'வார் பிக்ஸ்' வரிகளை எழுதியவர் கீசர் பட்லர். அது வியட்நாம் போரின் காலம். 1969இல் 5 லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்கப் படையினர் அங்கு இருந்தனர். கல்லூரியில் பயின்றோருக்குக் கட்டாய இராணுவச் சேவை ஒத்திவைக்கப்பட்டது. ஆலைக்கும் வயலுக்கும் சென்ற இளைஞர்கள் களத்துக்கு அனுப்பப்பட்டனர். போரை மூட்டுவோர் ஒருவர், அதில் சாவோர் வேறொருவர் என்பதே பாடலின் சாரம். உலகப் போரில் குண்டு வீச்சுக்கு உள்ளான நகரின் பிள்ளைகள், அபாயச் சங்கொலியுடன் அப்பாடலைத் தொடங்கியது தற்செயலாகத் தோன்றவில்லை.

பாடலின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். போர்வெறியர்களைத் தண்டிக்கும் பொறுப்பை அது இறைவனின் இறுதித் தீர்ப்பு நாளிடம் ஒப்படைத்துவிடுகிறது. ஏழைகள் அதில் சாகிறார்கள், எழுந்து நிற்பதில்லை. வியட்நாம் மக்களோ தீர்ப்பு நாளுக்குக் காத்திருக்கவில்லை. அவர்களின் ஆயுதப் போராட்டமும், அமெரிக்கத் தெருக்களில் திரண்ட எதிர்ப்பும், படையினரிடையே பரவிய மறுப்பும் ஏகாதிபத்தியத்தைப் பின்வாங்கச் செய்தன. 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் விடுதலை பெற்றது. பாடல் காட்டாத வழியை வரலாறு காட்டியது.

2025 ஜூலை 5 அன்று, அதே ஆஸ்டனில் நடந்த இறுதி நிகழ்ச்சியில் நால்வரும் அப்பாடலை மீண்டும் இசைத்தனர். 17 நாட்களில் ஆஸ்போர்ன் மறைந்தார். 55 ஆண்டுகள் கடந்தும் அப்பாடல் பழையதாகவில்லை என்பது பாடலுக்குப் பெருமை, உலகுக்கு வெட்கம்.

தோழர்களே, இளைஞர் ஒருவரின் காதில் ஒலிக்கும் இசை பிடிக்கவில்லை என்பதற்காக அவரிடமிருந்து விலகிச் செல்பவர், போரை வெறுக்கும் ஒருவரை இயக்கத்துக்கு இழக்கச் செய்கிறார். அருகில் அமர்ந்து, அந்தப் பாடல் என்ன சொல்கிறது என்று கேட்பதிலிருந்து உரையாடல் தொடங்கட்டும்.