சேறு மறைக்கும் கண்ணிவெடி



யாங்கூன் நகரின் பன்சொடான் துறையில் படகேறினால் சில நிமிடங்களில் எதிர்க்கரை டாலா வந்துவிடும். ஐராவதி புளோட்டில்லா கம்பெனியின் கப்பல் பட்டறை இருந்த ஊர் அது. இடையே ஓடும் கலங்கல் ஆற்றில், ஜப்பானியக் கப்பல்களை முடக்க, 1943-இல் அமெரிக்க விமானங்கள் காந்தக் கண்ணிவெடிகளைப் போட்டன. 1945 மே 2 அன்று 26ஆவது இந்திய டிவிஷன் இந்த ஆற்றின் இரு கரைகளிலும் இறங்கியது. அதற்குக் கண்ணிவாரிக் கப்பல்கள் முன்னே போய் வழி திறக்க வேண்டியிருந்தது.

காந்தக் கண்ணியை அன்று பெரும்பாலும் நீருக்கடியில் தேடிக் கண்டு எடுக்கவில்லை. மின்சாரம் பாயும் வடத்தை இழுத்துச் சென்று, கப்பல் வருவதாக ஏமாற்றி, அதைத் தானாக வெடிக்க வைத்தார்கள்.

இன்று தேடுவதற்குச் சோனார் இருக்கிறது. பக்கவாட்டில் ஒலியை வீசி, திரும்பும் எதிரொலியைப் படமாக்கும் கருவி அது. மாலை வெயிலில் கல்லின் நிழல் நீள்வதுபோல், தரைக்கு மேல் துருத்தி நிற்கும் பொருளுக்குப் பின்னால் ஒலி எட்டாத ஓர் இருட்டு விழும். அந்த நிழலின் வடிவத்தைப் பார்த்தே, கிடப்பது கல்லா கண்ணியா என்று கணிக்கிறார்கள். கண்ணி புதைந்துவிட்டால் நிழலே கிடையாது.

ஆகவே கண்ணி கண்ணில் படுமா என்பதைப் பெரும்பாலும் அடித்தரைதான் முடிவு செய்கிறது.

டாலாவின் முன்னால் இருப்பது வண்டல் சேறு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய உவா நாட்களில் ஐந்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் ஓதம், மார்ட்டபான் வளைகுடாவின் சேற்றைக் கலக்கி ஆற்றுக்குள் கொண்டுவருகிறது. அரை டன், ஒரு டன் எடையுள்ள கண்ணி இத்தகைய சேற்றில் விழுந்த வேகத்திலேயே அமிழ்ந்துபோகலாம். நுண்ணிய படம் தரும் உயர் அதிர்வெண் ஒலி, சேற்றுக்குள் சிறிது தூரத்திலேயே தேய்ந்துவிடும். மட்கும் குப்பையிலிருந்து கிளம்பும் மீத்தேன் குமிழிகள் அதை மேலும் சிதறடிக்கும்.

மணலின் போக்கு வேறு. ஒலி நீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்கிறது. மணலில் 1,700 மீட்டரை எட்டும். இந்த வேறுபாட்டால், தாழ்ந்த சாய்வில் வரும் ஒலி மணலுக்குள் நுழையாமல் தெறித்துவிடுகிறது. நீரோட்டம் கண்ணியைச் சுற்றி மணலை அரித்துக் குழி பறிக்க, கண்ணி மெல்ல அதில் இறங்கும். மன்னார் வளைகுடா போன்ற பவளப் பாறைத் தரையில் கண்ணி புதையாது. ஆனால் நூற்றுக்கணக்கான பாறைகள் கண்ணியைப் போலவே நிழல் காட்டும்.

புதைந்ததைத் தேடத் தாழ்ந்த அதிர்வெண் வேண்டும். அது ஆழமாக ஊடுருவும், ஆனால் படம் மங்கலாகும். 2003-இல் ஈராக்கின் உம் காஸர் துறைமுகத்துக்குச் செல்லும் கலங்கல் நீர்வழியில், அமெரிக்கக் கடற்படை பயிற்சி பெற்ற டால்பின்களை இறக்கியது. சேற்றில் மறைந்த பொருளைக் கண்டறிவதில் அவற்றின் இயற்கை ஒலித்திறன் அவ்வளவு கூர்மையானது.

கருவியை வாங்கினால் மட்டும் போதாது. அமைதிக் காலத்திலேயே துறைமுக வழிகளின் அடித்தரையை அளந்து, எங்கே சேறு, எங்கே மணல், எங்கே பாறை என்று குறித்து வைக்க வேண்டும். பழைய படத்தில் இல்லாத மேடு புதிய படத்தில் தெரிந்தால், அங்கே முதலில் தேடலாம். சேறு அதிகமுள்ள வழிக்குக் கண்ணிவாரிக் கப்பலையும் தயாராக வைக்கலாம். யாங்கூன், ஹூக்ளி போன்ற ஓத ஆறுகளில் வண்டல் ஓயாமல் இடம் மாறுவதால், ஒருமுறை அளந்த படம் நெடுநாள் உதவாது. மழைக்காலம் முடிந்ததும் அங்கே மறுபடி அளந்தாக வேண்டும்.