தேவிகாபுரத்தில் ஒரு தொங்குமரம்

"இந்த மரம் நம்ம வீட்டுல இருந்தா எப்படி இருக்கும்!"னு ஒரு படத்தை போன்ல சேமிச்சு வச்சிருக்கீங்களா? நான் வச்சிருந்தேன். வெள்ளி இலைப் பேரி. இங்கிலாந்தின் சிசிங்ஹர்ஸ்ட் தோட்டத்தில், ஒரு சிலைமேல குடை மாதிரி கவிஞ்சு நிற்கும் மரம். துருக்கி, காக்கசஸ் பக்கத்திலிருந்து வந்தது. அதிக உயரம் போகாது. காய் சின்னது, சாப்பிட உதவாது. அழகுக்குன்னே வளர்க்கிறாங்க.

எங்க ஊர் தேவிகாபுரம். ஆரணிப் பட்டு நெய்யற ஊர். சென்னையில வேலை பார்க்கிற நான், லீவுல போய் அந்த மரத்தை வாசல்ல வைக்கணும்னு கிளம்பினேன். ஆனா பேரி மரத்துக்குக் குளிர்காலம் வேணும். 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் இருந்தாத்தான் மொட்டு ஒழுங்கா விரியும். அதனாலதான் நம்ம மாநிலத்துல பேரிக்காய் கொடைக்கானல், நீலகிரி மாதிரி மலையில விளையுது. எங்க ஊர் மார்கழிக்கு அந்தக் குளிர் கிடையாது.

சரின்னு, வெயிலைத் தாங்கற தொங்கு பாட்டில் பிரஷ் கன்னு ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். ஆஸ்திரேலிய மரம். கிளை தொங்கும், பூ சிவப்பா பிரஷ் மாதிரியே இருக்கும்.

அப்பா கன்னைப் பார்த்துட்டு ஒரே கேள்வி கேட்டார்: "பூ கொட்டுமா?"

கொட்டும். சிவப்பு நூல் நூலா கொட்டும். எங்க வாசல்லதான் காலையில பாவை நீளமா இழுத்துக் கட்டி, அறுந்த இழையை முடிவாங்க. "கிளை உரசினா இழை அறும். பூ விழுந்தா ஒவ்வொண்ணா யாருடா பொறுக்கறது?" என்றார். ஒரு பாவு வீணானா எத்தனை நாள் கூலி போகும்னு அவருக்குத் தெரியும். நான் அதை யோசிக்கவே இல்லை.

அதனால கன்னு கிணத்தடிக்குப் போச்சு. 2 அடி குழி, செம்மண், தொழு உரம். தண்டு நேரா ஏற ஒரு கொம்பு நட்டுக் கட்டினோம். முதல் வருஷம் மண் காயக் காயத் தண்ணி. பூ முடிஞ்சதும் அந்த நுனியை மட்டும் வெட்டணும்.

இப்போ தறிக்குழியில உட்கார்ந்தா ஜன்னல் வழியா மரம் தெரியுது. நல்லா இருக்குன்னு அப்பா இன்னும் சொல்லலை. ஆனா போன வாரம் போன்ல, "உன் மரம் பூத்திருக்கு"ன்னார்.

நீங்க கன்னு வாங்கறதுக்கு முன்னாடி, அந்த இடத்துல தினமும் வேலை செய்யறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.