அருளர்: ஒரு பெயர், இரு படைப்புகள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சிவகாசி வட்டாரத்தில் வாழ்பவர்க்கு வெடியோசையைக் கேட்க இரண்டு செவிகள் உண்டு. ஒன்று தீபாவளிச் செவி. மற்றொன்று வேலைநாட் செவி. நாட்டின் பிற பகுதிகளில் வானில் செவ்வொளி பூக்கும்போது குழந்தைகள் கைகொட்டி மகிழ்கின்றனர். அந்தச் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் உப்பையும் வெள்ளொளிக்கு அலுமினியப் பொடியையும் அளந்து கலந்த கைகளை அவ்வேளையில் எவரும் நினைப்பதில்லை. இந்த மண்ணிலோ, வேலைநாளின் பகலில் தொலைவில் ஓர் ஓசை எழுந்தால், எந்த ஊர்ப் பக்கம், எந்த அறை, யார் வீட்டார் என்னும் கேள்விகளே முதலில் எழுகின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் எழுந்த ஓசையை இவ்வட்டாரம் இன்னும் மறக்கவில்லை.

இந்த இரண்டு செவிகளையும் ஒருசேரத் திறந்து வைத்துக் கேட்க வேண்டிய ஓர் இசைத் தொகுப்பு உண்டு. 2005ஆம் ஆண்டு லண்டனிலிருந்து வெளிவந்த அதன் பெயர் 'அருளர்'. பாடியவர் எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசம். அது அவருடைய முதல் தொகுப்பு. மின்னணு நடன இசை. இலக்கிய மேடையில் நடன இசைக்கு என்ன வேலை என்று அவையோரில் சிலர் எண்ணக்கூடும். அவ்வினாவுக்கு விடை ஒரு தமிழ் நாவலிலிருந்து தொடங்குகிறது.

1977 ஆகஸ்டில் இலங்கைத் தமிழர்மீது பெரும் வன்முறை நிகழ்ந்தது. கொழும்பில் வீடும் பொருளும் இழந்த தமிழர்கள் கப்பல்களில் ஏற்றப்பட்டு வடக்கே அனுப்பப்பட்டனர். அக்கப்பல்களுள் ஒன்று லங்கா ராணி. அக்கடற்பயணத்தையே களமாகக் கொண்டு, அதே பெயரில் ஒரு நாவல் 1978இல் வெளிவந்தது. அட்டையில் இருந்த ஆசிரியர் பெயர் அருளர். 1975இல் லண்டனில் தோன்றிய ஈரோஸ் என்னும் ஈழ மாணவர் புரட்சி அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவரான அருள்பிரகாசம், லெபனானில் பாலஸ்தீனர்களிடம் பயிற்சி பெற்றவர். அவர் இயக்கத்திற்காகப் பூண்ட பெயரே அருளர். ஆக, 'அருளர்' என்பது முதலில் ஒரு மறைபெயர். பின்னர் ஒரு நூலாசிரியரின் பெயர். இருபத்தேழு ஆண்டுகள் கழிந்து ஓர் இசைத் தொகுப்பின் பெயர்.

மகள் 1975 ஜூலை 18 அன்று லண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் கொண்டு செல்லப்பட்டார். தலைமறைவு வாழ்விலிருந்த தந்தை எப்போதேனும் வந்துபோகும் வேளைகளில், பாதுகாப்புக் கருதி, அவர் மாமா என்றே பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. தந்தையைத் தந்தை என்று அழைக்கும் உரிமைகூட இல்லாத ஒரு குழந்தைப் பருவம் அது. இடையில் சிறிது காலம் சென்னையிலும் அக்குடும்பம் வாழ்ந்தது. 1986இல் தாய் கலா பிள்ளைகளுடன் அகதியாக லண்டன் சேர்ந்தார். தையல் வேலை செய்து குடும்பத்தைக் காத்தார். மிச்சம் பகுதியிலுள்ள அரசுக் குடியிருப்பு ஒன்றில் வாழ்ந்த மாதங்கிக்கு ஆங்கிலம் அங்கேதான் நாவுக்குப் பழகியது. அண்டை வீட்டிலிருந்து ஒலித்த கறுப்பின இளைஞர்களின் ஹிப்ஹாப் இசையும் அங்கேதான் செவிக்குப் பழகியது. மொழியும் தாளமும் ஒரே காலத்தில், ஒரே சுவருக்கு அப்பாலிருந்து வந்தன.

அவர் முறையாக இசை பயின்றவர் அல்லர். லண்டனின் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படக் கலை பயின்றவர். அச்சுத் தகட்டை வெட்டி வண்ணம் தெளித்து ஓவியம் தீட்டியவர். எலாஸ்டிகா என்னும் இசைக்குழுவின் பயணத்தைப் படம்பிடிக்கச் சென்ற இடத்தில், பீச்சஸ் என்னும் பாடகி ரோலண்டு எம்.சி.505 என்னும் தாளக்கருவியை அவருக்கு அறிமுகம் செய்தார். தட்டினால் முரசொலியும் மத்தள ஒலியும் மின்னொலிகளும் எழுப்பும் ஒரு மேசைப் பெட்டி அது. அக்கருவியில் அவர் தாமே கோத்த எளிய தாளங்களிலிருந்து பிறந்ததே 'கலாங்' என்னும் பாடல். 2003இல் அதன் இசைத்தட்டு 500 படிகளே அச்சாயிற்று. சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு அந்த எண்ணிக்கை அயலானதன்று. அந்த 500 படிகளின் வழியே பரவிய புகழே எக்ஸ்எல் நிறுவனத்தின் மூலம் முழுத் தொகுப்பாக விரிந்தது. 2005ஆம் ஆண்டு மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலிலும் 'அருளர்' இடம்பெற்றது.

இத்தொகுப்பை இசைத் திறனாய்வாளர்கள் எந்த வகையில் அடக்குவது என்று அறியாது திகைத்தனர். ஜமைக்காவின் டான்ஸ்ஹால், லண்டன் தெருக்களின் கிரைம், அமெரிக்க ஹிப்ஹாப், ஐரோப்பிய மின்னிசை, பிரேசிலின் பைலி ஃபங்க் என்று அவர்கள் அடுக்கிய பட்டியல் நீண்டது. பட்டியலைவிடக் கலப்பு நிகழ்ந்த முறையே கருதத்தக்கது. 'பக்கி டன் கன்' என்னும் பாடலை எடுத்துக்கொள்வோம். 1976இல் வெளிவந்த 'ராக்கி' என்னும் ஹாலிவுட் படத்தின் ஊதுகொம்பிசையை, ரியோ டி ஜெனிரோவின் குடிசைப் பகுதியிலிருந்து எழுந்த டெய்ஸி டிக்ரோனா என்னும் பாடகியின் பாட்டு எடுத்தாண்டது. அப்பாட்டின் மேல் அமெரிக்க இசைஞர் டிப்ளோவும் மாதங்கியும் தங்கள் பாட்டைக் கட்டினர். செல்வர் உலகின் வெற்றிக் கொம்பு ஏழையர் தெருவுக்கு இறங்கி, அங்கிருந்து அகதிப் பெண்ணின் வாய்க்கு வந்து, மறுபடியும் செல்வர் உலகின் நடனக் கூடத்துக்குள் நுழைகிறது.

இதனைக் கலப்படம் என்று இகழ்வோர் உண்டு. விருதுநகர்ப் பங்குனிப் பொங்கலில் நையாண்டி மேளம் கேட்டு வளர்ந்தவர்க்கு அவ்விகழ்ச்சி பொருந்தாது. கரகத்துக்கு முன் நாதஸ்வரம் திரைப்பாட்டை வாசிக்க, தவிலும் பம்பையும் அதனைத் தங்கள் நடைக்கு இழுத்துச் செல்லும் காட்சி இங்குப் புதிதன்று. கைக்குக் கிடைத்த மெட்டை எடுத்துத் தன் தாளத்தில் ஆடவைப்பது நாட்டார் கலையின் இயல்பு. அதே இயல்புதான் லண்டனில் வேறு கருவிகளோடு தொழிற்பட்டது. 2007இல் தாயின் பெயரால் வெளியிட்ட 'கலா' என்னும் அடுத்த தொகுப்பில் அவர் தமிழகத்தின் உறுமியையே சேர்த்துக்கொண்டார். தந்தை பெயருக்குப் பின் தாய் பெயர். மின்பெட்டிக்குப் பின் உறுமி.

மாதங்கி என்னும் பெயரும் இங்கு நினைக்கத்தக்கது. இசைக்கும் சொல்லுக்கும் உரிய அத்தெய்வத்தை உச்சிட்ட மாதங்கி என்றும் வழிபடுவர்; உண்டு எஞ்சிய எச்சிலைப் படையலாக ஏற்பவள் அவள். பிறர் உண்டு கழித்ததிலிருந்து தன் இசையைச் சமைத்தவர்க்கு இப்பெயர் வாய்த்தது. அவரும் அதனை உணர்ந்தே 2013இல் தம் நான்காம் தொகுப்புக்கு 'மாதங்கி' என்று பெயரிட்டார்.

இனி, கவிஞர்கள் எழுப்பக்கூடிய கடுமையான வினா ஒன்று உண்டு. தொகுப்பு முழுவதும் துப்பாக்கி, வெடி, தப்பியோட்டம் ஆகியவற்றின் பேச்சு நிறைந்திருக்கிறது. அட்டையில் புலிகளும் பீரங்கி வண்டிகளும் பல வண்ணங்களில் அச்சாகியிருக்கின்றன. 'சன்ஷவர்ஸ்' என்னும் பாடலின் காட்சிப்படம், பாலஸ்தீன விடுதலை இயக்கத்தைக் குறிக்கும் ஒரு சொல்லால் எம்டிவியின் தடைக்கு உள்ளானது. இத்தனை துயரத்தையும் நடனமாடத்தக்க தாளத்தில் அமைப்பது முறையா? ஒரு மக்களின் அழிவுக்கு ஆடுவதா?

அதற்கும் இம்மண்ணே விடை தருகிறது. தென்மாவட்டங்களில் முதியவரின் இறுதி ஊர்வலத்தில் பறை முழங்குகிறது; பாடைக்கு முன் ஆட்டம் நிகழ்கிறது; வெடி வெடிக்கிறது. அங்கு ஆடுபவன் துயரமற்றவன் அல்லன். ஒப்பாரிக்கு அடங்காத துயரம் காலுக்கு இறங்குகிறது. ஆட்டமும் அழுகையும் ஒன்றையொன்று மறுப்பன என்பது ஏட்டில் எழுதிய இலக்கணமேயன்றி, மக்கள் வாழ்ந்த இலக்கணமன்று. 'அருளர்' தொகுப்பின் தாளம் அவ்விறுதி ஊர்வலத் தாளத்துக்கு உறவானது. மேலைநாட்டு நடனக் கூடத்தில் அதனைத் தீபாவளிச் செவியால் கேட்டோர் பலர். வேலைநாட் செவியால் கேட்பவர்க்கே, அவ்வோசையின் அடியில் யார் வீட்டார் என்னும் கேள்வி கேட்கும்.

எனினும் குறையை மறைத்துப் புகழ்வது திறனாய்வாகாது. சிவகாசியின் அச்சகங்களில் பட்டாசுப் பெட்டிக்கான வண்ணத்தாள் அச்சாவதை அறிந்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும்: வண்ணம் கண்ணைக் கவரும் அளவுக்கு உள்ளிருக்கும் மருந்தை மறக்கச் செய்யும். 'அருளர்' அட்டைக்கும் அக்குறை உண்டு. துப்பாக்கி அங்கு அழகிய அச்சு வடிவமாகிவிடுகிறது. புலிப்படத்தைக் கண்டோர் பலர் தந்தையை விடுதலைப் புலியாகவே எண்ணினர். அவர் வேறோர் அமைப்பினர் என்பது மறைந்தது. தமிழ் இயக்கங்கள் தம்முள் கொன்றழித்த வரலாறு, 1986ஐ நினைத்தாலே நெஞ்சு கனக்கும் அவ்வரலாறு, தொகுப்பில் இடம்பெறவில்லை. அது வெளிவந்த 2005 போர்நிறுத்த ஒப்பந்தக் காலம். 2009 மே மாதத்து முடிவை அப்போது எவரும் கண்டிலர். இன்று கேட்பவர் அம்முடிவையும் அறிந்தே கேட்கிறார். ஆதலால் சில இடங்களில் அவ்விளமையின் வீறாப்பு செவியை உறுத்தவே செய்யும்.

தமிழ் எங்கே என்பது மற்றொரு வினா. பாடல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. அதுவும் லண்டன் தெருவின் கொச்சை ஆங்கிலம். தமிழ்க் கவிதை என்று இதற்கு உரிமை கொண்டாடுவது பொருந்தாது. ஆயினும் தொகுப்பின் முகப்பில் ஒரு தமிழ்ப் பெயர் நிற்கிறது. தமிழர் தம் பெயருக்கு முன் தந்தை பெயரின் தலைப்பெழுத்தை இடுவது மரபு. மாமா என்று மறைக்கப்பட்ட தந்தையின் பெயரை மகள் தலைப்பெழுத்தாக அன்றி, முழுப்பெயராகவே தன் முதற்படைப்பின் முகப்பில் இட்டாள். தன் பெயரை இணையத்தில் தேடும் தந்தை தன்னைக் கண்டடைவார் என்னும் எண்ணமும் தனக்கு இருந்ததாக அவரே கூறியுள்ளார். பெயரை மாற்றுமாறு தந்தை கேட்டார், மகள் மாற்றவில்லை. எம்.ஐ.ஏ. என்பதன் விரிவே போரில் காணாமற்போனவர் என்பதாம். காணாமற்போன ஒருவரைத் தேட, காணாமற்போனவர் என்னும் பெயரையே பூண்ட ஒருவர் எழுப்பிய குரல் இது. 2019இல் அருளர் காலமானார். நாவலும் இசையும் இருக்கின்றன.

விருதுநகர் மாவட்டத்தில் குல்லூர்சந்தையிலும் மல்லாங்கிணற்றிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளி சென்று, இங்கேயே பிள்ளை பெற்றவர்கள் அம்முகாம்களில் வாழ்கின்றனர். அன்று அரிதாயிருந்த தாளப்பெட்டியின் வேலையை இன்று கைப்பேசியே செய்கிறது. பட்டாசுப் பட்டறையிலிருந்து திரும்பும் பெண்ணின் மகனோ, முகாமில் பிறந்த மகளோ நாளை ஒரு தாளத்தைக் கட்டக்கூடும். அதில் சந்தம் பிழைத்திருக்கலாம், ஆங்கிலம் கலந்திருக்கலாம், எந்த வகையிலும் அடங்காதிருக்கலாம். அப்படைப்பு இவ்வட்டத்தின் வாயிலுக்கு வரும் நாளில், அதனை இலக்கணம் கேட்டுத் திருப்பியனுப்பாமல், முழுவதும் கேட்ட பின் பேசும் பொறுமை இங்குள்ள கவிஞர்க்கு வேண்டும். 500 படிகளில் தொடங்கிய ஒரு குரலை எடுத்துரைத்ததன் நோக்கம் அதுவே.

பத்தாண்டுகள் பிறர் கவிதைக்குச் செவிகொடுத்த வட்டம் இது. அச்செவி இனியும் திறந்திருக்க வேண்டும் என்னும் வேண்டுகோளோடு இவ்வுரை நிறைவுறுகிறது.