நோட்டரி இல்லாமல் பிரமாணம்

(சங்க அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வக்கீல் என்பதால் நம் அங்கத்தினர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அஃபிடவிட் கொண்டு வாருங்கள் என்கிறார்கள். எந்த நோட்டரியிடம் போவது?"

நம்மவர்களுக்கு இந்தத் தேவை சற்று அதிகமாகவே வருகிறது. ஊர்ப் பெயரும் தகப்பனார் பெயரும் இனிஷியலாக இருந்தவரை கஷ்டமில்லை. வேலைக்காக வடக்கே போனதும் "சர்நேம் என்ன?" என்றார்கள். ஒரு இடத்தில் இனிஷியலை விரித்தோம், இன்னொரு இடத்தில் ஐயரையோ ஐயங்காரையோ சேர்த்தோம். ஸர்வீஸ் ரிஜிஸ்டரில் ஒரு பெயர், பாங்கில் ஒன்று, ஆதாரில் ஒன்று. அவர் காலமான பிறகு, குடும்பப் பென்ஷனுக்காக அந்த மாமி "மூவரும் ஒருவரே" என்று சத்தியம் செய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். அஃபிடவிட்டுக்கு உயிர் கொடுப்பது நோட்டரியின் முத்திரை அல்ல. அதிகாரம் உள்ள ஒருவர் முன்னிலையில் நாம் நேரில் செய்யும் பிரமாணமே அதற்கு உயிர். அந்த அதிகாரம் உள்ளவர்களில் நோட்டரியும் ஒருவர், அவ்வளவுதான்.

ஆகவே, பையை எடுத்துக்கொண்டு கிளம்புமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அஃபிடவிட்தான் வேண்டுமா, சுய உறுதிமொழி போதுமா? பாஸ்போர்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதிகளை எளிதாக்கியது. விண்ணப்பத்தோடு தரும் இணைப்புகளை வெள்ளைத் தாளில் சுய உறுதிமொழியாகக் கொடுத்தால் போதும், நோட்டரியோ மாஜிஸ்டிரேட்டோ வேண்டாம் என்றது. இப்படிப் பல இடங்களில் விதி மாறியிருந்தும், கவுண்டரில் பழைய வழக்கம் மாறுவதில்லை. "எந்த விதிப்படி அஃபிடவிட் கேட்கிறீர்கள்?" என்று பணிவாக, எழுத்தில் கேளுங்கள்.

ஆனால் சட்டமே அஃபிடவிட் கேட்கும் இடத்தில் சுய உறுதிமொழி செல்லாது. அங்கே யாரிடம் போகலாம்? சிவில் நடைமுறைச் சட்டம் 139ஆம் பிரிவின்படி நீதிமன்றம், மாஜிஸ்டிரேட், ஹைகோர்ட் நியமித்த ஓத் கமிஷனர், நோட்டரி ஆகியோர் பிரமாணம் செய்து வைக்கலாம். கிரிமினல் வழக்குகளுக்கு, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 333ஆம் பிரிவு எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்டிரேட்டையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. கோர்ட் வளாகத்தில் விசாரித்தால் ஓத் கமிஷனர் யார் என்று சொல்வார்கள். நகலில் கையெழுத்திடும் கெஜட்டட் ஆபீஸரை இவர்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நகலுக்குச் சான்றளிப்பது வேறு, பிரமாணம் செய்து வைப்பது வேறு.

வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு ஆள் மூலம் அனுப்பாதீர்கள். அவர் முன்னிலையில்தான் கையெழுத்திட வேண்டும். கடவுள் பெயரால் பிரமாணம் செய்ய விருப்பமில்லாதவர் மனப்பூர்வமாக உறுதி கூறலாம். 1969ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டம் இரண்டையும் ஏற்கிறது.

எழுதும்போது பத்திகளுக்கு எண் கொடுங்கள். நேரில் அறிந்ததை அறிந்ததாகவும், பிறர் சொல்லி நம்புவதை அப்படியே பிரித்தும் எழுதுங்கள். யார் சொன்னது, ஏன் நம்புகிறீர்கள் என்பதும் இருக்கட்டும். முத்திரைத்தாளின் மதிப்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டத்தில், பென்ஷன் பெறுவதற்காக மட்டுமே செய்யும் அஃபிடவிட்டுக்கு விலக்கு உண்டு. உங்கள் மாநிலத்தில் திருத்தம் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் உள்ள பிள்ளைகள், "இங்கே நோட்டரி இல்லாமலே முடிகிறதே" என்பார்கள். உண்மைதான். 1976இல் வந்த ஒரு ஃபெடரல் சட்டப் பிரிவின்படி, பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திட்டால் பெரும்பாலான ஃபெடரல் காரியங்களுக்கு அது பிரமாணத்துக்குச் சமம். ஆனால் அது அவர்கள் நாட்டுச் சட்டம். இந்தியாவில் உபயோகிக்க வேண்டிய அஃபிடவிட்டை அவர்கள் நம் தூதரகத்தில் செய்யலாம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் தூதரக அதிகாரிகளுக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது.

கடைசியாக ஒன்று. வெள்ளைத் தாள்தானே என்று சுய உறுதிமொழியை லேசாக நினைக்க வேண்டாம். பாஸ்போர்ட் பெறுவதற்காகத் தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால், 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் 12ஆம் பிரிவின் கீழ் இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. நோட்டரியை விலக்கிய அரசாங்கம், அவர் இடத்தில் நம் சொல்லை வைத்திருக்கிறது. கையெழுத்திடுமுன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள். தனியாக இருக்கும் மாமிகளுக்கும் மாமாக்களுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். சங்கம் செய்யக்கூடிய பெரிய உபகாரம் அதுவே.