படர்தாமரையைப் பாதியில் விடலாமா?

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



சேற்றிலும் வியர்வையிலும் பாடுபடுகின்ற நம்மில் பலருக்கு இடுப்பிலும் தொடை இடுக்கிலும் படர்தாமரை வருகிறது. வெளியிற் சொல்லக் கூசி அதை மறைத்து வைக்கிறோம். இந்நோய் இரத்தக் கேட்டினால் வருவதன்று. ஊறுகாயில் பூக்கும் பூசணத்தைப் போன்றதொரு பூசணம் நம் மேல்தோலில் வேரூன்றி வட்டமாகப் பரவுகிறது. ஓரம் சிவந்து தடிக்கும். நடுவிடம் தெளிந்து காணும்.

அண்மையில் ஒரு வீட்டில் ஐவரும் இந்நோயால் வருந்தக் கண்டோம். ஐவருக்கும் துண்டு ஒன்றே. கடையில் கேட்டு வாங்கிய களிம்பும் ஒன்றே. பூசினால் அரிப்பு அடங்கும், நிறுத்தினால் முன்னிலும் அதிகமாகப் படரும் என்றனர். அக்களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. அது அரிப்பை அடக்கும். ஆனால் பூசணத்தை எதிர்க்கும் உடலின் ஆற்றலையும் அடக்கிவிடும். கோரையின் தலையைக் கொய்து கிழங்கை நிலத்தில் விட்ட கதைதான் இது. நாளடைவில் தோலும் மெலிந்து வரிவரியாய் வெடிக்கும். எனவேதான் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென மத்திய அரசு 2018இல் விதி செய்தது.

செய்ய வேண்டுவது யாது? ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டுவோம். அவர் தரும் பூசணக்கொல்லிக் களிம்பைத் தடிப்பின் மீதும், அதனைச் சுற்றி ஒரு விரலகலமும் பூசுவோம். அரிப்பு நின்றதும் நிறுத்தலாகாது. தடிப்பு மறைந்த பின்னும் மருத்துவர் குறித்த நாள்வரை பூச வேண்டும். உடலெங்கும் பரவினாலும், தலையிலோ நகத்திலோ பற்றினாலும் மாத்திரை தேவைப்படும். சில மருந்துகளுக்கு அடங்காத பூசணமும் இப்போது நம் நாட்டில் பரவியிருப்பதால், பல வாரங்கள் பொறுமை வேண்டும்.

வீட்டில் நோயுற்ற அனைவரும் ஒரே சமயத்தில் சிகிச்சை பெறுவோம். துண்டும் உள்ளாடையும் ஆளுக்குத் தனியே வைத்து, வெந்நீரில் துவைத்து, வெயிலில் உலர்த்துவோம். வயலிலிருந்து திரும்பியதும் குளித்து, இடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, உலர்ந்த ஆடை உடுப்போம். கன்று, நாய், பூனை இவற்றின் உடலில் மயிர் உதிர்ந்த வட்டம் கண்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவோம்.

உறுப்பினர்களே! இச்செய்தியைக் கிராம சபையில் கூச்சமின்றி எடுத்துரைப்பது நம் கடமை. நாம் வாய் திறந்தால், மறைத்து வருந்தும் தாய்மாரும் துணிந்து மருத்துவரை நாடுவர்.